ஒரே பரிவர்த்தனை, இரு கையொப்பங்கள்: ஒரு ஹார்டுவேர் வாலட்டின் மதிப்பீடு

பிட்காயின் சாவிகளைக் காக்கும் சிறு கருவியான இந்த ஹார்டுவேர் வாலட் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் சோதனை, ஒரே பிட்காயின் பரிவர்த்தனையில் இரண்டு முறை கையொப்பமிடச் செய்து, கிடைத்த பைட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்ததுதான். பழைய வகை முகவரியில், அதாவது இசிடிஎஸ்ஏ என்னும் கையொப்ப முறையில், இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்தன. டேப்ரூட் என்னும் புதிய வகை முகவரியில், ஷ்னோர் என்னும் வேறு முறையில் இடும் கையொப்பம் ஒவ்வொரு முறையும் மாறியது. இது பழுதன்று, வெவ்வேறு அச்சங்களை முன்னிட்டுச் செய்யப்பட்ட இரண்டு தேர்வுகள்.

ஒவ்வொரு கையொப்பத்துக்கும் நான்ஸ் என்னும் ரகசிய எண் ஒன்று தேவை. அதே எண் இரண்டு வெவ்வேறு செய்திகளுக்குப் பயன்பட்டுவிட்டால், பள்ளிக்கூட அல்ஜீப்ராவைக் கொண்டே பணத்தைச் செலவிட உரிமை தரும் தனிச்சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். 2013இல் ஆண்ட்ராய்டின் சீரற்ற எண் உருவாக்கியில் இருந்த குறையால் சிலரின் பிட்காயின் களவுபோனது இப்படித்தான். அதே ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 6979 என்னும் தொழில்நுட்ப ஆவணத்தின் முறைப்படி, தனிச்சாவியையும் செய்தியையும் கொண்டே நான்ஸைக் கணக்கிட்டால் இந்த ஆபத்து இல்லை, கருவி ஒழுங்காகக் கணக்கிடுகிறதா என்று என்னைப் போன்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது. ஆனால் கருவியைக் கைப்பற்றிய ஒருவர், மின்னழுத்தத்தைக் குலைத்துக் கணக்கில் பிழையைப் புகுத்தி, சரியான கையொப்பத்தையும் பிழையானதையும் வைத்துச் சாவியை எடுக்க வழியுண்டு. அதனால்தான் ஷ்னோர் கையொப்பத்துக்கான பிஐபி 340 என்னும் பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு, புதிய சீரற்ற எண் ஒன்றையும் கலக்கப் பரிந்துரைக்கிறது. கலந்தபின் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி போய்விடுகிறது. தேர்வு சரியானதே, ஆயினும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இருவர் சேர்ந்து கையொப்பமிடும் மியூசிக்2 (MuSig2) வசதிதான் இக்கருவியை வாங்கத் தூண்டியது. பழைய முறையில் இரண்டு கையொப்பங்களும் இரண்டு பொதுச்சாவிகளுமாக 200 பைட்டுக்கு மேல் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் ஏறும். இங்கே 64 பைட்டில் ஒரே கையொப்பம், கட்டணமும் குறைவு. அதற்கு ஈடாக, முன்பு அவரவர் வசதிப்படி ஒருமுறை கையொப்பமிட்டால் போதும் என்றிருந்தது மாறி, இப்போது இருவரும் நான்ஸ் பரிமாற்றத்துக்கு ஒரு சுற்று, கையொப்பத்துக்கு ஒரு சுற்று என இரண்டு முறை கருவியை எடுக்க வேண்டியிருக்கிறது. இடையில் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். கருவி எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பாதியில் நின்ற நான்ஸைச் சேமித்து வைத்து மறுமுறை பயன்படுத்தினால், உடன் கையொப்பமிடுபவர் தம் நான்ஸை மாற்றி நம் சாவியையே கறந்துவிடலாம் என்பதால், அந்த மறதிக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

திரைக்குத் தர மாட்டேன். டேப்ரூட் முகவரியின் 62 எழுத்துகளில் முதல் ஆறும் கடைசி ஆறும் மட்டுமே முதலில் தெரிகின்றன. மீதியைப் பார்க்கப் பொத்தானை நான்கு முறை அழுத்த வேண்டும், அழுத்தாமலே ஒப்புதல் தரவும் கருவி அனுமதிக்கிறது. தயாரிப்பாளருக்கு எழுதினேன், பயன்பாட்டு எளிமைக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது.