நெஞ்சுப் பட்டையும் கேடன்ஸ் சென்சாரும்: நந்தி மலை ஏறுகிறவனின் அனுபவம்

ஒயிட்ஃபீல்டிலிருந்து சைக்கிள் ஓட்டும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஹார்ட் ரேட் ஸ்ட்ராப் விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?" நெஞ்சில் கட்டிக்கொண்டால் இதயத் துடிப்பை எண்ணிச் சொல்கிற பட்டையைத்தான் கேட்கிறான். போன வாரம்தான் என் பழைய பட்டை போய்ப் புதுப் பட்டை மாட்டினேன். அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

நடுவில் மாட்டுகிற கருவி நன்றாகவே இருக்கிறது. வியர்வை உப்பு ஏறி, தோலில் படுகிற பட்டைதான் கெடுகிறது. ஒவ்வொரு ரைடுக்கும் அப்புறம் அலசிக் காய வைத்தும் இந்தக் கதி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிசம்பர் விடியலில் பெங்களூரின் காய்ந்த குளிரில் பெல்லாரி ரோட்டில் மெதுவாக மிதித்துக்கொண்டிருப்பேன், திரையில் துடிப்பு நிமிடத்துக்கு 190 என்று ஓடும்! உடம்பில் ஈரம் இல்லை, ஜெர்சி காற்றில் படபடக்கிறது; பட்டைக்கு இதயத்தின் மின்துடிப்பு எது, துணி உரசல் எது என்று தெரிவதில்லை. பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் குறையும், முழுசாகப் போகாது. வியர்த்த பிறகுதான் வழிக்கு வரும்.

அந்த நேரத்தில் நான் நம்புவது உடம்பு சொல்லும் எண்ணைத்தான். எவ்வளவு கஷ்டப்பட்டு உழைக்கிறோம் என்று நாமே எண் போட்டுக்கொள்ள ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். பத்தால் பெருக்கினால் துடிப்பு தோராயமாக வரும். உடம்பு 9 என்கிறது, பட்டை 190 என்கிறது என்றால் பொய் சொல்வது பட்டை.

ஹெப்பால் மேம்பாலம் மாதிரிச் சின்ன ஏற்றத்தில் துடிப்பு உயர்வதற்குள் நாம் இறங்கத் தொடங்கிவிடுவோம். அது பட்டையின் குற்றமில்லை, இதயம் அப்படித்தான்.

கேடன்ஸ் சென்சாரிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பெடலைத் தாங்கும் கிராங்கில் ஒட்டிக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மட்டும் சொல்கிற சின்னப் பொருள். நந்தியின் கடைசி வளைவுகளில் 55-க்கு இறங்கினால் தொடையும் முட்டியும் கனக்கின்றன. கியரை இறக்கி 75-க்குக் கொண்டுவந்தால், வேகம் அதேதான், துடிப்பு கொஞ்சம் ஏறும், ஆனால் கால் லேசாகிவிடும். உச்சியில் மிச்சம் இருக்கும் தெம்பு அப்படி வந்ததுதான்.

துடிப்பு, மிதி, உழைப்பு எண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயமே. அதே வேகம், அதே மிதி, துடிப்பு மட்டும் மெல்ல ஏறுகிறதா? வெயில், தண்ணீர் போதவில்லை. மிதிப்பது கஷ்டமாக இருக்கிறது, துடிப்பு ஏற மறுக்கிறதா? களைப்பு இன்னும் தீரவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இதைப் பட்டை இல்லாமல் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

சரி தம்பி, வாங்கலாமா? இந்தக் காய்ந்த குளிரில் கேட்டால் வேண்டாம் என்பேன். கேடன்ஸ் சென்சார் மட்டும் வாங்கு, ஒவ்வொரு ரைடுக்கும் உழைப்பு எண்ணை எழுதி வை. மார்ச்சில் வெயில் ஏறியதும் மறுபடி கேள்.