ஹெப்பாரினா, எனாக்ஸபாரினா?

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்துகளில் பழையது ஹெப்பாரின்; அதிலிருந்தே உருவாக்கப்பட்ட சிறு மூலக்கூறு வகை எனாக்ஸபாரின். கால் சிரைகளில் இரத்தக்கட்டி உருவாகாமலிருக்க ஹெப்பாரின் 5,000 யூனிட் 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடப்படுகையில், எனாக்ஸபாரின் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் போதுமென்பதால், வீட்டிலேயே போட்டுக்கொள்பவருக்கு இரண்டாவதே ஏற்றது.

சிறுநீரகம் பழுதடைந்தவரிடம் இந்தக் கணக்கு மாறுகிறது. எனாக்ஸபாரின் பெரிதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், உடலில் தேங்கி இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். அங்கே மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது ஹெப்பாரினுக்கு மாற்றுவார். அவசர அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடியவருக்கும் ஹெப்பாரினே மேல் என்பேன்: அதன் விளைவு விரைவில் தணியும், புரோட்டமின் என்னும் முறிமருந்து அதை முழுமையாக முறிக்கும், எனாக்ஸபாரினையோ ஓரளவே முறிக்கும். தட்டணுக்கள் குறையும் அபாயம் இரண்டிலும் உண்டு எனினும் ஹெப்பாரினில் அதிகம். இவற்றால் ஒருமுறை அப்படிப் பாதிக்கப்பட்டவருக்கு இரண்டுமே ஆகா.

போடும் முறையில் வேறுபாடு சிறிதே. தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்துப் போட வேண்டும். பிறகு தேய்க்கக் கூடாது. மருந்து நிரப்பியே வரும் எனாக்ஸபாரின் ஊசியின் முழு அளவையும் போடுவதாயின் காற்றுக் குமிழியை வெளியேற்றக் கூடாது, மருந்தும் சேர்ந்து போய்விடும். ஹெப்பாரின் குப்பிகள் பல செறிவுகளில் வருவதால், லேபிளைப் படிக்காமல் எடுப்பதே அதில் பெரிய ஆபத்து.