நீலமா, ஊதாவா: புரதம் அளக்க பிராட்ஃபோர்டா, பிசிஏவா?

செல்களை உடைத்து எடுத்த லைசேட்டில் புரதம் எவ்வளவு என்று தெரிந்தால்தான், புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லின் ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு ஏற்ற முடியும். நிறத்தை வைத்து அதை அளக்க ஆய்வகங்களில் அதிகம் புழங்குபவை பிராட்ஃபோர்டு, பிசிஏ (பைசின்கோனினிக் அமிலம்) என்ற இரண்டு முறைகள். இரண்டில் எது நல்லது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பஃபரில், அதாவது புரதம் கரைந்திருக்கும் கரைசலில், என்னென்ன இருக்கிறது?

பிராட்ஃபோர்டு முறை 1976-இல் வெளியானது. பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் கூமாசி பிரில்லியன்ட் புளூ ஜி-250 சாயம் செம்பழுப்பாக நிற்கும். புரதத்தோடு ஒட்டியதும் அது ஒளியை உறிஞ்சும் உச்சம் 465 நானோமீட்டரிலிருந்து 595-க்கு நகர்ந்து, கண்ணெதிரிலேயே நீலமாகிவிடும். 5 மைக்ரோலிட்டர் சாம்பிள், 250 மைக்ரோலிட்டர் சாயக்கரைசல், சில நிமிடக் காத்திருப்பு, அவ்வளவுதான் வேலை. சாம்பிளில் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கும் பொருட்கள் இருந்தாலும் இது அதிகம் கண்டுகொள்ளாது.

சோப்பு போன்ற டிடர்ஜென்ட் என்றால்தான் தகராறு. ஒருமுறை செல்களை உடைக்கும் ரிப்பா பஃபரில் எடுத்த லைசேட்டை அவசரத்தில் பிராட்ஃபோர்டில் அளந்தேன். ஒப்பிடுவதற்கான ஸ்டாண்டர்டுகளை, அதாவது அளவு தெரிந்த புரதக் கரைசல்களை, தண்ணீரில் தயாரித்திருந்தேன். சாம்பிள் எல்லாமே எதிர்பார்த்ததைவிட அடர்நீலம். நிறையப் புரதம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். சந்தேகம் வந்து, புரதமே இல்லாத வெறும் ரிப்பாவை அளவிடும் பிளேட்டின் ஒரு குழியில் விட்டுப் பார்த்தால் அதுவும் நீலமானது. ரிப்பாவில் உள்ள எஸ்டிஎஸ் போன்ற டிடர்ஜென்ட்கள் சாயத்தோடு நேரடியாகவே சேர்ந்துகொள்ளும். அன்று ஏற்றிய ஜெல் முழுவதும் வீண்.

பிசிஏ 1985-இல் வந்தது. வேதியியல் முற்றிலும் வேறு. காரக் கரைசலில் புரதத்தின் பெப்டைடு பிணைப்புகளும் சிஸ்டீன், டைரோசின், டிரிப்டோஃபான் போன்ற சில அமினோ அமிலங்களும் இரட்டை மின்னூட்டமுள்ள தாமிர அயனியை ஒற்றை மின்னூட்டத்துக்கு ஒடுக்கும். அப்படி ஒடுங்கிய தாமிரத்தை இரண்டு பிசிஏ மூலக்கூறுகள் சேர்ந்து பிடிக்கும்போது ஊதா நிறம் வரும். 562 நானோமீட்டரில் படிக்க வேண்டும். இரண்டு கரைசல்களை 50-க்கு 1 என்று கலக்கும்போது முதலில் கலங்கி, கிளறக் கிளறத் தெளிந்து இளம்பச்சையாகும். அந்தப் பச்சை வந்தால்தான் கலவை சரி.

எஸ்டிஎஸ், டிரைட்டான் போன்ற டிடர்ஜென்ட்கள் 5 சதவீதம் இருந்தாலும் பிசிஏ தாங்கும். ஆனால் தாமிரத்தைத் தொடும் எதுவும் அதற்கு ஆகாது. டிடிடி தானே தாமிரத்தை ஒடுக்கிப் பொய்யான ஊதாவைத் தரும், குளுக்கோஸும் அப்படித்தான். இடிடிஏ தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிறத்தைக் குறைக்கும். நேரமும் பிடிக்கும்: 37 டிகிரியில் 30 நிமிடம். அதன் பிறகும் நிறம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆறவைத்துச் சட்டென்று எல்லாக் குழிகளையும் படித்துவிட வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஸ்டாண்டர்டு. பிராட்ஃபோர்டின் கூமாசி சாயம் முக்கியமாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தேடி ஒட்டும், அதனால் எல்லாப் புரதத்துக்கும் ஒரே அளவு நிறம் தராது. நாம் வழக்கமாக ஸ்டாண்டர்டாக வைக்கும் பிஎஸ்ஏ (மாட்டு இரத்த அல்புமின்) இதில் மிகத் தாராளமாக நிறம் காட்டும். அதே எடை ஆன்டிபாடி ஏறத்தாழ அதில் பாதிதான் காட்டும். பிஎஸ்ஏ வளைவை வைத்து ஆன்டிபாடியை அளந்தால், கையில் இருப்பதில் பாதிதான் கணக்கில் வரும். ஆன்டிபாடி அளப்பவர்கள் ஆன்டிபாடி வகைப் புரதமான காமா குளோபுலினை ஸ்டாண்டர்டாக வைப்பது இதனால்தான். பிசிஏவில் இந்த வேறுபாடு குறைவு, ஏனென்றால் பெப்டைடு பிணைப்பு எல்லாப் புரதத்திலும் உண்டு. சுத்திகரித்த ஒரே புரதத்தின் அளவு துல்லியமாக வேண்டுமென்றால் நான் பிசிஏ பக்கம். புரதங்களைப் பிரிக்கும் குழாயிலிருந்து (column) வடியும் ஃபிராக்ஷன்களில் எதில் புரதம் இருக்கிறது என்று மட்டும் பார்க்க பிராட்ஃபோர்டே போதும்.

1951-இன் லோரி முறையும் தாமிரத்தை நம்பியதுதான். படிகள் அதிகம், இடையூறு செய்யும் பொருட்களும் அதிகம். பழைய தரவோடு ஒப்பிட வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் தேவையில்லை. பையூரெட் என்ற இன்னொரு முறை எளிது, ஆனால் மில்லிகிராம் கணக்கில் புரதம் வேண்டும்.

எஸ்டிஎஸ்ஸும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்ந்திருக்கும் ஜெல் லோடிங் பஃபரில் சாம்பிளைக் கலந்துவிட்டால், வழக்கமான பிராட்ஃபோர்டும் பிசிஏவும் கைவிட்டுவிடும். அதற்கு முன்பே சிறிதளவு எடுத்து அளந்துவிடுங்கள். தவறிவிட்டால், குளிர்ந்த அசிட்டோனில் புரதத்தை வீழ்படிவாக்கி வேறு பஃபரில் கரைத்து அளக்கலாம். இதில் புரதம் கொஞ்சம் இழப்பாகும். எந்த முறையானாலும் ஸ்டாண்டர்டை உங்கள் பஃபரிலேயே கரையுங்கள், வெறும் பஃபருக்கென்று ஒரு குழியும் ஒதுக்குங்கள். அந்தக் குழி நிறம் மாறினால், பஃபரே இடையூறு செய்கிறது என்று பிளேட்டை ரீடரில் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.