பகல்ல கண்ணை மூடற பச்சோந்திக் குட்டியை வாங்காதீங்க: 14,500 ரூபாய் போச்சு

நேத்து பொழுதோட அந்தக் கடை ஸ்டேட்டஸ்ல இன்னும் மூணு குட்டி போட்டிருக்காங்க. ஆத்திரம் தாங்கலைங்க, அதான் இப்பவே எழுதறேன். கோயமுத்தூர்ல கலர் மீனும் லவ் பேர்ட்ஸும் விக்கிற கடை. பேரு போடலை.

ஏமன் நாட்டு வகைப் பச்சோந்திக் குட்டி 9,000. கண்ணாடித் தொட்டி 3,800. "யூவி லைட்" 1,700. ஆக 14,500 ரூபாய். கடைக்காரர் குட்டியை விரல்ல ஏத்திக் காட்டினாரு. கண்ணை மூடிட்டு அசையாம இருந்துச்சு. "எத்தனை சாது பாருங்க, கையிலயே தூங்குது"ன்னாரு. அந்த வார்த்தையை நம்பித்தானுங்க பணத்தை எண்ணி வெச்சது. நல்லா இருக்கற பச்சோந்தி பகல்ல தூங்காது. ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு பக்கம் சுத்திட்டே இருக்கும். கையை நீட்டினா சீறும், இல்லாட்டி கிளைக்குப் பின்னாடி ஒளியும். கடையிலயே கண்ணை மூடியிருந்தா அது சாது இல்லை, சீக்கு.

அஞ்சாம் நாள் பூச்சிக்கு நீட்டின நாக்கு பாதியிலயே நின்னுச்சு. கடைக்குப் போன் போட்டா, "இடம் மாறினா அப்படித்தானுங்க, ஒரு வாரம் பாருங்க." ஒம்பதாம் நாள் முன்னங்கால் வில்லாட்டம் வளைஞ்சு, கிளையைப் பிடிக்க முடியாம முழங்கையை ஊணி ஊணி நகருது. "குளிருதாட்ட இருக்குது, லைட்டைக் கிட்ட வைங்க." அந்த லைட் அட்டையை எடுத்துப் படிச்சா, 75 வாட்ஸ் சிவப்பு ஹீட் பல்பு! வெயில்ல இருக்கற யூவி-பி கதிரே அதுல வராது. அந்தக் கதிர் படாட்டி உடம்புல வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாட்டி தின்ன கால்சியம் ஒட்டாது, உடம்பு எலும்புல இருந்து உருவிக்கும். வளர்ற குட்டிக்கு இது வெகு சீக்கிரம் முத்திரும். டாக்டர்கிட்ட கொண்டு போனா, எக்ஸ்ரேயில எலும்பு நிழலாட்டம் தெரிஞ்சுது, முன்னங்கால்ல முறிவு. தாடையைத் தொட்டா ரப்பராட்டம் அமுங்குச்சு.

பத்தொன்பதாம் நாள் செத்துப்போச்சு. "உயிருக்கெல்லாம் கேரண்டி கிடையாதுங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் போனே எடுக்கறதில்லை. பில்லும் தரலை. 14,500 ரூபாய்!

வளர்க்கற முறையை முழுசா எழுதலாம்னு இருந்தேன், மனசு ஓடலை. இதையாச்சும் பாருங்க. அட்டையில 5.0ன்னு போட்டிருக்கற யூவி-பி ட்யூப் லைட் கேளுங்க. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துரும், ஜன்னல் வெயிலும் பிரயோஜனமில்லை. தொட்டி வேண்டாம், வலைக்கூண்டு. தொட்டியில காத்து தேங்கி நெஞ்சுச்சளி பிடிக்கும். சூடு இல்லாதப்பவும் வாயைத் திறந்து மேல பார்த்து மூச்சு விட்டா அதுதான். கிண்ணத்துத் தண்ணியைக் குடிக்காது, காலையும் சாயங்காலமும் இலை நனையத் தெளிக்கணும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல சீக்கிரம் காஞ்சிரும், இன்னும் ஒரு தடவை தெளிங்க. எச்சத்துல வெள்ளையா இருக்கற பகுதி ஆரஞ்சு நிறமானா தண்ணி பத்தலை. பூச்சி அதோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற அகலத்தைத் தாண்டக்கூடாது. டி3 இல்லாத கால்சியம் பொடி தினமும் தூவுங்க, டி3 கலந்தது மாசம் ரெண்டு தடவை.

இந்த மாதிரி வெளிநாட்டு உயிரை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணின காகிதத்தைக் கையில வாங்காம பணம் குடுக்காதீங்க, "அப்புறம் தர்றேன்"னுதான் சொல்லுவாங்க. காட்டுல மேட்டுல திரியற நம்மூர்ப் பச்சோந்தியைப் பிடிச்சு வித்தா 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், அதையும் வாங்காதீங்க. ஊர்வன பார்க்கற டாக்டர் பக்கத்துல யாருன்னு குட்டி வாங்கறதுக்கு முந்தியே விசாரிச்சு வெச்சுக்குங்க.