பிழையான அனுப்புநர் முகவரிகளும் ஃபெட்ச்மெயிலும்: ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

கொழும்பு புறக்கோட்டையில் இயங்கும் ஓர் இறக்குமதி அலுவலகத்தின் அஞ்சல் சேவையகத்தை நான் பராமரித்து வருகிறேன். சேவை வழங்குநரின் பெட்டியில் சேரும் மின்னஞ்சல்களை ஃபெட்ச்மெயில் இறக்கி, அலுவலகத்துக்குள் இயங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. எரிக் ரேமண்ட் உருவாக்கிய இந்த இலவச மென்பொருள் நம்பகமானது. ஆயினும் அனுப்புநர் முகவரி பிழையாக இருந்தால் அது என்ன செய்யும் என்பதை அறியாமல் எவரும் இதை நிறுவக் கூடாது.

இறக்கிய கடிதத்தை, அப்போதுதான் வந்த கடிதம்போல, எஸ்எம்டிபி என்ற அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை வழியாகக் கையளிப்பதே ஃபெட்ச்மெயிலின் வழமையான முறை. அதற்காகக் கடிதத் தலைப்பிலுள்ள ரிட்டர்ன்-பாத் (திரும்பும் முகவரி) வரியிலிருந்தோ, அது இல்லாவிடின் ஃப்ரம் போன்ற வரிகளிலிருந்தோ அனுப்புநர் முகவரியை அது எடுத்துக்கொள்கிறது. டொமைன் பெயர் அமைக்கப்படாத லினக்ஸ் இயந்திரங்கள் சில, @ குறிக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ‘நன்’ (none, ‘எதுவுமில்லை’) என்று இட்டு அனுப்புகின்றன. மின்னஞ்சல் இலக்கணத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது வெறும் குறிப்பு என்பதால், டொமைன் வெறுமையாகிவிடுகிறது. உறைமுகவரி (எஸ்எம்டிபி கையளிப்பில் அறிவிக்கப்படும் முகவரி) விடயத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே ஓரளவு தாராளமானது. அதுகூட இதை ஏற்காமல் ‘501 5.1.7’ (அனுப்புநர் முகவரி பிழை) என்று மறுத்துவிடுகிறது.

வாசலில் மறுப்பதற்குப் பொருள் இருப்பது, அனுப்பும் சேவையகம் மறுமுனையில் காத்திருக்கும்போது மட்டுமே. இங்கோ வழங்குநர் அக்கடிதத்தை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். திருப்பி அனுப்பவும் ஒழுங்கான முகவரி இல்லை. மறுக்கப்பட்ட கடிதத்தை அழிக்காமல் விட்டுவைக்கும் ‘சாஃப்ட்பவுன்ஸ்’ தெரிவு நடைமுறையில் இருந்தால் கடிதம் வழங்குநரின் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் இறக்கப்பட்டு, மீண்டும் மறுக்கப்பட்டு, பதிவேட்டை நிரப்பும். அதைத் தவிர்க்க எந்த மறுப்புக் குறியீடுகளை ஸ்பாமாகக் கருதுவது என்று ஃபெட்ச்மெயிலுக்குச் சொல்லும் ‘ஆன்டிஸ்பாம்’ பட்டியலில் 501ஐச் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அப்போது கடிதம் எவருக்கும் தெரியாமல் அழிக்கப்படும். சரக்கு ஆவணம் ஒன்று அப்படி மறைந்தால், துறைமுகத்தில் கொள்கலனுக்குத் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும். இந்தத் தெரிவை நான் எந்த வணிக அலுவலகத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்குத் திருப்தியளித்த வழி, கடிதத்தை ஒரு விநியோக நிரலிடம் ஒப்படைக்கும் ‘எம்டிஏ’ (mda) தெரிவாகும். எஸ்எம்டிபியைத் தவிர்த்து டவ்காட் என்ற அஞ்சல்பெட்டிச் சேவையக மென்பொருளின் விநியோக நிரலிடம் கடிதத்தை நேரடியாகக் கொடுத்தால், அனுப்புநர் முகவரியின் இலக்கணத்தை எவரும் சோதிப்பதில்லை. கடிதம் உரியவரின் பெட்டியில் சேர்ந்துவிடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் மாற்றுப்பெயர்களும் வடிகட்டிகளும் அப்போது வேலை செய்யா என்பதால், ஸ்பாம் சோதனையை விநியோகக் கட்டத்துக்கு மாற்ற வேண்டும். அந்த உழைப்பு தகும்.

பதிவேட்டைப் பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு. எத்தனையாவது கடிதம் தடைப்பட்டது, அதன் அளவு என்ன என்பவற்றை ஃபெட்ச்மெயில் சொல்கிறது. அதன் பொருள் (சப்ஜெக்ட்) வரியைச் சொல்வதில்லை. ஆகவே, சிக்கிக்கொண்டது விலைப்பட்டியலா விளம்பரமா என்றறிய வழங்குநரின் வலைத்தளப் பெட்டியைத் திறந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.