விண்டோஸ், உபுண்டு, மேக்: ஒரு டிடிபி கடையின் நீண்டநாள் அனுபவம்

தட்டச்சுக்கும் பிரிண்ட் அவுட்டுக்கும் விண்டோஸ், வாடிக்கையாளர் பென்டிரைவைத் திறக்க உபுண்டு என்ற இலவச லினக்ஸ், அண்ணனின் வடிவமைப்பு வேலைக்கு மேக்புக். எங்கள் கடையில் மூன்றும் பல வருடங்களாக ஓடுகின்றன. எது பாதுகாப்பு என்று கேட்பவர்களிடம் நான் இரண்டைத்தான் பார்க்கச் சொல்வேன்: மென்பொருள் எந்த வழியாக உள்ளே வருகிறது, பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் எவ்வளவு சீக்கிரம் அடைபடுகிறது.

விண்டோஸ் மீதான பயத்தில் பாதி பழைய எக்ஸ்பி பதிப்பின் காலத்தது. அப்போது பென்டிரைவைச் செருகினாலே அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வேலையைக் காட்டிவிடும். 2008 இறுதியில் கிளம்பிய கான்ஃபிக்கர் வைரஸ் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. விண்டோஸ் 7இல் அந்த வழி மூடப்பட்டது. 2011இல் பழைய பதிப்புகளுக்கும் அப்டேட் வந்தது. ஃபோல்டர் வேடத்தில் வரும் ஷார்ட்கட் வைரஸை இப்போது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரே பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

என் கவலையெல்லாம் உரிமம் வாங்காமல் போட்ட கிராக் விண்டோஸ் பற்றித்தான். அப்டேட்டை நிறுத்திவைத்த கணினியில்தான் ஊர்ப் பிள்ளைகளின் ஆதாரும் சாதிச் சான்றிதழும் ஸ்கேன் ஆகின்றன. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை தாக்கியபோது, அந்த ஓட்டைக்கான அப்டேட் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

உபுண்டுவில் பெரிய நிம்மதி, மென்பொருள் பெரும்பாலும் டிஜிட்டல் கையொப்பமிட்ட அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து வருவது. பென்டிரைவில் வரும் விண்டோஸ் எக்ஸ்இ கோப்பு அங்கே சும்மா கிடக்கும். அதற்காக 'லினக்ஸுக்கு ஆபத்தே இல்லை' என்பதை நான் ஏற்கமாட்டேன். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய லினக்ஸ் மென்பொருளுக்குள் யாரோ ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் விடாமல் தோண்டியதால்தான் அது பிடிபட்டது. உபுண்டுவின் நிலையான பதிப்புகளுக்குள் வரவில்லை. மூலநிரல் திறந்திருந்தது அவருக்கு உதவியது, ஆனால் ஒருவர் உட்கார்ந்து படிக்கவும் வேண்டியிருந்தது.

மேக்கில் தெரியாத செயலியை அதன் காவல் வசதியான கேட்கீப்பர் தடுக்கும். 2015 முதல் சிஸ்டம் கோப்புகளை நிர்வாகிகூடச் சுலபமாகத் தொட முடியாது. ஆனாலும் 2012இல் ஜாவா மென்பொருளின் ஓட்டை வழியாக ஃப்ளாஷ்பேக் என்ற வைரஸ் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. 2017இல் ஹை சியரா என்ற மேக் பதிப்பில் கடவுச்சொல்லே இல்லாமல் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, நுழைய முடிந்தது. ஆப்பிள் மறுநாளே அடைத்துவிட்டது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினி என்றால் நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ் பதிப்பைப் போடுங்கள், அது வெளியானதிலிருந்து ஐந்து வருடம் அப்டேட் வரும். விண்டோஸில் ஓடும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை விட முடியாதவர்களுக்கு எங்கள் ஏற்பாடு இது: அந்த விண்டோஸ் கணினிக்கு நெட் இணைப்பு கிடையாது, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பென்டிரைவும் முதலில் உபுண்டுவில் கிளாம்ஏவி ஆன்டிவைரஸ் ஸ்கேன் முடித்துத்தான் அங்கே போகும்.