தட்டை நிலத்துக்கு ஏற்ற ஒரு கருவி: கியூஜிஐஎஸ்ஸில் அயற்கலப் புள்ளிவிபரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே கிடக்கிறது. கார்த்திகை மழைநீர் எந்த வளவுக்குள் தேங்கும், எந்தக் குளத்துக்கு ஓடும் என்பதை இங்கே ஓரடி ஏற்ற இறக்கமே தீர்மானித்துவிடுகிறது. விண்வெளியிலிருந்து அளந்து பெற்ற உயரத்தரவை அப்படியே வரைபடமாக்கினால் வெள்ளவாய்க்கால் எதுவும் தெரியாது. புள்ளி புள்ளியான இரைச்சலே, அதாவது அளவீட்டுப் பிழைகளே தெரியும். அந்த இரைச்சலை அடக்குவதற்காக, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளினுள் கிராஸ் (GRASS) என்ற இன்னொரு மென்பொருள் தொகுதியின் வழியாகக் கிடைக்கும் ஆர்.நெய்பர்ஸ் (r.neighbors) என்ற கருவியைச் சென்ற மாரி தொடக்கம் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு மென்பொருள்களும் இலவசமானவை.

ராஸ்டரின், அதாவது சிறு சதுரக் கலங்களாலான படத்தின், ஒவ்வொரு கலத்தையும் நடுவில் வைத்து, அதைச் சூழ்ந்த சாளரத்தில் (அயற்கலங்களின் தொகுதியில்) உள்ள பெறுமானங்களைத் திரட்டி, இடை (சராசரி), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), ஆகாரம் (அதிக தடவை வருவது), வீச்சு, நியமவிலகல் முதலியவற்றுள் நாம் கேட்டதைக் கணித்து, விடையை அந்த நடுக்கலத்துக்குரியதாக எழுதுவதே இக்கருவியின் வேலை. எதைக் கேட்பது என்பதில்தான் நம்முடைய பொறுப்பு இருக்கிறது. நான் எடுத்த எஸ்ஆர்ரிஎம் (SRTM) என்ற உயரத்தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரினால் அளக்கப்பட்டது; ஒரு கலம் ஏறக்குறைய 30 மீற்றர், உயரங்கள் முழு மீற்றரில். அந்த ரேடார் அலை அடர்ந்த பனங்கூடலை முழுதாக ஊடுருவித் தரையைத் தொடுவதில்லை என்பதால், கூடல் நிற்கும் இடம் மேடாகப் பதிவாகிவிடுகிறது. 3×3 சாளரமொன்றில் 4, 5, 4, 3, 9, 4, 5, 4, 3 என்ற பெறுமானங்கள் இருப்பதாகக் கொள்வோம். இடையைக் கேட்டால் 4.56 வரும், இடையத்தைக் கேட்டால் 4 வரும். நடுவில் நிற்கும் 9 பனைகளின் உயரமாயிருந்தால், இடையம் அதை ஒதுக்கிவிடுகிறது. இடையோ அதில் ஒரு பங்கை நிலத்தின் மீது ஏற்றிவிடுகிறது. ஆகவே முதலில் இடையத்தால் துப்புரவாக்கி, அதன்பின் 21×21 சாளரத்தில் இடையைக் கணித்து, துப்புரவான உயரத்திலிருந்து அந்த இடையைக் கழித்தேன். எதிர்ப்பெறுமானம் வந்த இடங்களெல்லாம் சுற்றாடலிலும் தாழ்ந்தவை. தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடலேரியை நோக்கிப் போகும் வழுக்கையாற்றின் தடம், மங்கலாகவேனும் ஒரே தொடராகத் திரையில் எழுந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன்.

கரையோரத்தில்தான் முதன்முறை பிழைவிட்டேன். பெறுமானமற்ற கலங்களை இக்கருவி கணக்கில் சேர்ப்பதில்லை. எஞ்சிய கலங்களைக் கொண்டே விடை தருகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் என் தரவில் கடல் பெறுமானமற்றதாக அல்ல, 0 ஆகவே பதிவாகியிருந்தது. சாளரத்தின் பாதி கடலேரிக்குள் விழும் இடங்களில் இடை தாழ்ந்துபோய், கரையோரத் தாழ்நிலங்கள் மேடுகளாகத் தோன்றின. 0 அனைத்தையும் நீக்கிவிடலாம் என்றால், நம் தரவைகளில் (வெளியான தரிசு நிலங்களில்) உண்மையாகவே 0 உயரமுள்ள தரையும் உண்டு. கரையோர எல்லையைப் பலகோணமாக வரைந்து, அதற்கு வெளியே உள்ளதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுக் கணிப்பதே சரியான வழி. குடாநாட்டிலோ தீவுப்பகுதியிலோ வேலை செய்பவர்கள் இந்தப் படியைத் தவறவிடக் கூடாது.

வகைப்படுத்திய நிலப்பயன்பாட்டுப் படங்களுக்கு ஆகாரத்தைத் தேர்ந்தால், தோட்டத்தின் நடுவே தனித்துத் தெரியும் பிழைக்கலங்கள் மறைந்துவிடுகின்றன. வகை எண்களுக்கு இடை கணிப்பது பொருளற்றது. ஆயினும் கருவி தடுக்காது.

குறை என்று நான் கருதுவது சாளர அளவைப் பற்றியது. ஆர்க்ஜிஐஎஸ் (ArcGIS) என்ற வணிக வரைபட மென்பொருளில் உள்ள இதே வகைக் கருவியில் சாளரத்தை மீற்றரில் கொடுக்கலாம். இங்கே கலங்களின் எண்ணிக்கையாகவே, அதுவும் ஒற்றை எண்ணாகவே கொடுக்க வேண்டும். 21 என்று இட்டால் 30 மீற்றர்த் தரவில் அது 630 மீற்றர். 10 மீற்றர்த் தரவுக்கு மாறினால் 210 மீற்றர்தான். அதே எண்ணை விட்டுவிட்டு இரு படங்களையும் ஒப்பிடுபவர் இரு வேறு அயல்களை ஒப்பிடுகிறார். அத்துடன் இயல்பான சாளரம் சதுரம் என்பதால் மூலைக்கலங்கள் தூரமாக நிற்கின்றன. வட்டச் சாளரம் என்ற தெரிவைக் குறியிட்டபோது குளங்களின் ஓரம் எனக்கு ஒழுங்காக வந்தது. இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்பின் பெயரிலும் சாளரத்தை மீற்றரில் எழுதியே சேமிக்கிறேன்.